சேர்ந்த எலும்பு, சேராத எலும்பு

என் ஓரகத்திக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று பல மாதங்கள் ஆகியிருந்த சமயத்தில்தான் நாங்கள் இருவரும் ஒரே பீரோவின் அடியில் கிடந்தோம்.

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். காலடிப்பேட்டையில் மாமியாரோடு ஒரே வீட்டில் இரண்டு குடும்பமும் இருந்தோம். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அக்காவின் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். என் வீட்டுக்காரருக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை.

சண்டை இட்லி மாவில் ஆரம்பித்தது. நான் அரைத்த மாவு பொங்குவதில்லை என்று அக்கா தெருக்குழாயடியில் சொன்னதாக என் காதில் விழுந்தது. அதற்கு நான் சொன்ன பதில் அக்கா காதில் விழுந்தது. அது கொஞ்சம் நீளமான பதில். கடைசியில் சமையலறையில் இரண்டு அடுப்பு, இரண்டு சிலிண்டர், நடுவில் தரையில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு. கோட்டை இழுத்தவர் மாமியார். அவர் அதை வருத்தத்தோடு செய்ததாகச் சொல்ல முடியாது. அன்றிலிருந்து இரண்டு பக்கத்துக் குழம்பும் அவருக்கு வந்தது.

மாமியாரின் தங்கை மகளுக்கு வியாசர்பாடியில் கல்யாணம். கல்யாணச் சீராக மாமியார் ஒரு இரும்பு பீரோ வாங்கியிருந்தார். அதை அனுப்ப ஒரு மீன்பாடி வண்டி பேசினார். முன்னால் ஒரு பழைய ஸ்கூட்டரின் எஞ்சினும் பின்னால் ஒரு பலகையும் உள்ள மூன்று சக்கர வண்டி அது. வண்டிக்காரர் மட்டும் போனால் போதும்தான். ஆனால் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு மருமவளும் சேந்து போய் எறக்குனாத்தான் கௌரதை. நீங்க பேசிக்கினா இன்னா, பேசாங்காட்டி இன்னா? பீரோவுக்கு அதெல்லாம் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே பஸ்ஸில் கிளம்பிப் போனார்.

பட்டுப்புடவையில் நாங்கள் பலகையின் பின் விளிம்பில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தோம். எங்கள் நடுவில் இன்னொருவர் உட்காரலாம், அவ்வளவு இடைவெளி. முதுகுக்குப் பின்னால் படுக்கை வசத்தில் பீரோ. தண்டையார்பேட்டை தாண்டும் வரை அக்கா இடது பக்கக் கடைகளைப் பார்த்தார், நான் வலது பக்கக் கடைகளைப் பார்த்தேன். பேசின் பிரிட்ஜ் பாலத்தின் ஏற்றத்தில் வண்டிக்காரர் ஆக்சிலேட்டரை முறுக்கினார். வண்டி முன்னால் போயிற்று. பீரோ போகவில்லை. கயிறு அறுந்த சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை, பூ கட்டும் நார் அறுகிற மாதிரிதான். பீரோ எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கி, எங்கள் தொடைகளின் மேல் படுத்தது. எனக்கு வலது தொடை எலும்பு. அக்காவுக்கும் வலது தொடை எலும்பு. அக்காவுக்குக் கூடுதலாகப் பின்மண்டை ரோட்டில் மோதியது.

ஓடி வந்த கூட்டம் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி எங்களை ஆட்டோக்களில் ஏற்றியது. இன்னொரு பாதி பீரோவை மறுபடி வண்டியில் ஏற்றிக் கட்டியது. வண்டிக்காரர் பாவம், அதிர்ச்சியில் என்ன செய்வதென்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். கல்யாண மண்டபத்துக்குப் போய் பீரோவை இறக்கினார். மாமியார் வாசலுக்கு வந்து, "மருமவளுங்க எங்கடா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆஸ்பத்திரில கீறாங்கம்மா. பீரோவுக்கு ஒண்ணும் ஆவல, கண்ணாடி கூட ஒடயல."

அரசு ஆஸ்பத்திரியில் அக்காவைத் தலைக்காய வார்டுக்கும் என்னை எலும்பு வார்டுக்கும் கொண்டுபோனார்கள். எனக்குக் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, பிறகு ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். அக்கா பல நாள் கண்ணே திறக்கவில்லை. அந்த நாட்களில் நான் கோபத்தை எல்லாம் மறந்து, வேளாங்கண்ணிக்கும் வடிவுடையம்மனுக்கும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டு படுத்திருந்தேன். பிழைத்து வந்தால் போதும், மாவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று.

அக்கா பிழைத்தார். கண் திறந்து, ஆட்களை அடையாளம் தெரிந்து, எலும்பு வார்டில் என் பக்கத்துக் கட்டிலுக்கே வந்து சேர்ந்தார். தள்ளுவண்டியிலிருந்து என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"தங்கச்சி! ஒனக்கு இன்னாடி ஆச்சு? சொல்லவேல்ல யாரும்!"

அவருக்குக் கடைசி ஒரு வருஷம் ஞாபகத்தில் இல்லை. பீரோ ஞாபகம் இல்லை, கல்யாணம் ஞாபகம் இல்லை, மாவு ஞாபகம் இல்லை, கோடு ஞாபகம் இல்லை. நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது ஏதோ ஒரு பொங்கலுக்குச் சேலை எடுக்கப் போனபோது என்பதாக அவர் மனதில் இருந்தது. வார்டில் எல்லோரிடமும் என்னைக் காட்டி, "என் கூடப் பொறந்தவ கூட இப்டி இல்ல" என்றார். என் வீட்டுக்காரர் என் காதில், "நீ எதயும் ஞாபகப்படுத்தாத, டாக்டர் தலைய அலட்டிக்கக் கூடாதுன்னு சொல்லிகீறாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, காலில் கம்பியோடு, திரும்பிப் படுக்கவும் முடியாமல், ஒரு சண்டையை நான் ஒருத்தியாகவே வைத்துக்கொண்டு கிடந்தேன். எதிராளி எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

அக்காவின் தலை தேறட்டும் என்று கால் ஆபரேஷனைத் தள்ளி வைத்திருந்தார்கள். வெறும் எடை மட்டும் கட்டியிருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்காக எக்ஸ்ரே எடுத்தார்கள். அதைப் பார்க்க வந்த பெரிய டாக்டர் படத்தைத் திருப்பிப் பிடித்தார், வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார், பெயர் சரிதானா என்று நர்ஸிடம் கேட்டார். எலும்பு ஏற்கெனவே சேர்ந்துகொண்டிருந்தது. முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக, பெரிதாக, ஒரு உருண்டை. பக்கத்தில் என் எக்ஸ்ரேயை வைத்தார்கள். எனக்குக் கம்பி இருந்தது, இரண்டு துண்டு எலும்பு இருந்தது, நடுவில் ஒன்றுமில்லை.

மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் டாக்டர் அந்த வார்டில் இருந்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார். மாமியார் தூக்குச்சட்டியோடு நின்று கேட்டார்.

"தலையிலயும் அடிபட்டு எலும்பும் முறிஞ்சவங்க சில பேருக்கு எலும்பு ரொம்ப வேகமா கூடும்மா. மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு. மூளை அடிபட்டா அது சுரக்கிற ஹார்மோன்லாம் முன்னப்பின்ன ஆகும். ரத்தத்துல கலந்து எலும்பு வரைக்கும் போகும். அப்புறம் உடம்புல இருக்கிற கொழுப்புலேருந்தும் ஒரு ஹார்மோன் வருது. அதுவும் மூளை வழியா எலும்புக்கு சேதி சொல்லுதுன்னு இப்ப சொல்றாங்க. இதுல எது இந்த வேலையச் செய்யுதுன்னு இன்னும் யாருக்கும் முழுசா தெரியாது."

மாமியார் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "கொழுப்புலேர்ந்தா வருது? அப்டி பாத்தா சின்னவளுக்கு இந்நேரம் நாலு காலு மொளச்சிக்கணுமே டாக்டரம்மா!"

வார்டே சிரித்தது. அக்கா சிரித்த சிரிப்பில் அவர் காலில் கட்டியிருந்த எடை ஆடியது.

பெண் டாக்டர் எங்கள் இரண்டு பேரின் ரத்தத்தையும் அவ்வப்போது எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அக்கா உடனே கையை நீட்டினார். என்னுடையது எதற்கு என்று கேட்டேன்.

"ஒப்பிட்டுப் பாக்கத்தாங்க. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே எலும்பு. அவங்க ஸ்பெஷல் கேஸ். நீங்க நார்மல்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படித்தவர் என்னை நார்மல் என்று சொன்னார். அது இவ்வளவு வலிக்கும் என்று நான் நினைத்ததில்லை.

வீட்டில் இந்த ஹார்மோன் விஷயம் வேறு மாதிரி புரிந்துகொள்ளப்பட்டது. மாமியார் மருந்துக்கடையில் போய் எலும்புக்கு ஆர்மோன் டானிக் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தார். இல்லை என்றதும், மூளை சம்பந்தப்பட்டது என்றால் மூளையாலேயே சரிசெய்வது என்று முடிவெடுத்து, ராயபுரத்தில் பழக்கப்பட்ட கறிக்கடை பாயிடம் சொல்லிவைத்து ஆட்டு மூளை வாங்கினார். மிளகு போட்டு வறுத்து எனக்குக் கொண்டுவந்தார். எனக்கு மூளை பிடிக்காது. அது வாயில் வைத்தால் கரைகிற விதமே பிடிக்காது. "துன்னும்மே, ஒனக்கு அங்கதான் கொறச்சல்" என்று ஊட்டினார். காலுக்கு நல்லது என்று ஆட்டுக்கால் பாயாவும் வந்தது. ஆனால் அது அக்காவுக்கு. ஏற்கெனவே ஓடுகிற எலும்பு, அதை விட்டுவிடக்கூடாது என்றார்.

எதிர்க் கட்டிலில் காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு ஆயா இருந்தார். முழங்காலுக்குக் கீழே முறிந்து, பல தடவை வந்து போயும் சேராத எலும்பு. டாக்டர் சொன்னதை எல்லாம் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நைனா, எனுக்கும் மண்டையில ஒரு தட்டு தட்டிடு. நீ பாத்து அளவா தட்டு. வெளி ஆளுங்ககிட்ட தட்டச் சொன்னா காட்டானுங்க, மொத்தமா போட்ருவானுங்க."

பெரிய டாக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆயா அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை அதிகம், அதனால் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். மத்தியானம் வார்டு தூங்கும் நேரத்தில் டங், டங் என்று ஒரு சத்தம். பார்த்தால் ஆயா எவர்சில்வர் சொம்பால் தன் தலையில் தானே பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் ஓடி வந்து சொம்பைப் பிடுங்கினார்.

"இன்னா வேல பண்றே ஆயா!"

"ஏம்மா கத்துறே? வலிக்காமதான் தட்டிக்கினு கீறேன்."

"வலிக்கலன்னா ஹார்மோன் வராதே ஆயா" என்று அக்கா தன் கட்டிலிலிருந்து அக்கறையாகச் சொன்னார். நர்ஸ் அக்காவை முறைத்தார். அன்று மாலையே வார்டில் இருந்த சொம்புகளை எல்லாம் வாங்கிவைத்துவிட்டு பிளாஸ்டிக் டம்ளர் கொடுத்தார்கள்.

கால் ஆபரேஷனே வேண்டியில்லாமல் அக்கா எனக்கு முன்னால் வாக்கர் பிடித்து நடந்தார், எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனார். மாமியார் ஆரத்தி எடுத்து, எக்ஸ்ரேயை வாங்கிக் கூடத்தில் டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு மாட்டினார். தெருவில் இருந்த பெண்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். "பெரியவளுக்கு நல்ல மனசு. அதான் எலும்பு சேந்துக்கிச்சி" என்று மாமியார் சொன்னதாக எனக்குச் செய்தி வந்தது. அதன் அடுத்த வரியை யாரும் சொல்லவில்லை. தேவையும் இல்லை.

சமையலறையில்தான் சிக்கல். கோட்டையும் இரண்டு அடுப்புகளையும் பார்த்து அக்கா திகைத்திருக்கிறார்.

"இன்னா அத்தே இது, கோடு?"

மாமியார் ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. "அது வாஸ்து. எண்ணூர்லேர்ந்து ஒரு ஆளு வந்து பாத்துட்டு, அடுப்படியில கோடு இல்லாங்காட்டி அடி படும்னு சொன்னான்."

"கோடு போட்டதுக்கப்புறம்தான அடி பட்டுது?"

"அதான, அவன் சரியில்ல" என்று மாமியார் சொல்ல, அக்காவே கணவரிடம் மண்ணெண்ணெய் வாங்கிவரச் சொல்லி, நின்றபடி மேற்பார்வை பார்த்துக் கோட்டை அழிக்க வைத்திருக்கிறார். நான் ஊன்றுகோலோடு வீடு வந்து சேர்ந்தபோது ஒரே அடுப்பு. என் பக்கத்து டப்பாக்கள் அவர் டப்பாக்களோடு கலந்திருந்தன. எனக்குக் கோபம் வந்தது. யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. ஒரு மாதிரி நிம்மதியாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினேன்.

அப்போதுதான் கவனித்தேன், அக்கா உட்காரவே இல்லை. பகல் முழுக்க நின்றார். சாப்பாட்டை நின்று சாப்பிட்டார். மாலையில் சீரியலை நின்றபடியே சுவரில் சாய்ந்து பார்த்தார். பார்த்தவர்கள் அவரைச் சுறுசுறுப்பு என்று நினைத்தார்கள். கேட்டதற்கு, "மடங்க மாட்டேங்குதுடி. நின்னா நிக்கலாம், படுத்தா படுக்கலாம். நடுவுல இருக்கறது ஒண்ணும் வர மாட்டேங்குது" என்றார். கக்கூஸுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு, அதையும் உயரமான பலகை மேல் வைத்துக் கொடுத்திருந்தார் அவர் கணவர். அக்கா இதை யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, இவ்வளவு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு உருண்டை எலும்பின் மேல் இத்தனை பொறாமைப்பட்டேனே, அது இப்படி அவரைக் கம்பமாக்கி நிறுத்தி வைத்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நாங்கள் சேர்ந்தே போனோம். பெண் டாக்டர் இரண்டு புது எக்ஸ்ரேக்களையும் பார்த்தார். அவர் முகத்தில் முன்பு இருந்த சந்தோஷம் இல்லை.

"எலும்பு வளருன்னு சேதி போச்சு, நிறுத்துன்னு சேதி போகலைங்க. இடுப்பு மூட்டுக்குப் பக்கத்துல, சதைக்குள்ளயும் எலும்பு வளர்ந்திருக்கு. தலையில அடிபட்டவங்களுக்கு இதுவும் நடக்கும். இப்பவே வெட்டினா திரும்ப வளரும். அது முத்தி, வளர்றத நிறுத்தற வரைக்கும் காத்திருக்கணும்." என்னிடம் திரும்பினார். "உங்களுக்கு இன்னும் சேரல. இடுப்புலேருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அந்த இடத்துல வைக்கணும்."

மாமியார் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வீட்டை அத்தனை வருஷம் நடத்தியவர். ஒரு பக்கம் மிஞ்சினால் இன்னொரு பக்கம் கொடுப்பது அவருக்குப் பழக்கம்.

"டாக்டரம்மா, பெரியவகிட்ட வோணாத எலும்பு கீது. சின்னவகிட்ட பத்தல. அங்க வெட்டி இங்க வச்சிட்டா ஒரே ஆபரேசன்ல முடிஞ்சிடுமே?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் அக்கா, "குட்த்துருங்க டாக்டர், எனக்கு எதுக்கு அது" என்றார். பழைய புடவையைக் கொடுப்பது மாதிரி சொன்னார். டாக்டர் அப்படி மாற்றிவைக்க முடியாது என்று நெடுநேரம் விளக்கினார். மாமியார் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரே வூட்டு எலும்புதான?" என்று பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

எனக்கு என் இடுப்பு எலும்பையே எடுத்து வைத்தார்கள். ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்த வெயில் ஏறும்போது கால் சேர்ந்தது, கொஞ்சம் குட்டையாக. அக்காவுக்கு அதற்கும் அப்புறம்தான் வெட்டி எடுத்தார்கள். மறுபடி வளராமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். வெட்டிய துண்டுகளைப் பார்க்கவேண்டும் என்று மாமியார் அடம்பிடித்தார். ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள். கடற்கரையில் கிடக்கும் பவளக்கல் மாதிரி, ஓட்டை ஓட்டையாக இருந்தது. "இதுக்கா நான் பாயா வச்சிக் குட்த்தேன்" என்றார் அவர்.

அக்கா முதல் முதலாகத் தரையில் உட்கார்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. உட்கார்ந்ததும் எழுந்திருக்க மாட்டேன் என்று அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தலை வாரி, அங்கேயே சீரியல் பார்த்தார்.

படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போவதற்கு முன் பெண் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நன்றி சொன்னார். அத்தனை குழாய் ரத்தத்தில் என்னதான் தெரிந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணும் உறுதியா சொல்ல முடியலைங்க. சில ஹார்மோன் அவங்களுக்கு ஏறியிருந்தது, சிலது உங்களுக்குத்தான் ஏறியிருந்தது. ரெண்டு பேரை வச்சு ஒரு முடிவுக்கு வர முடியாது."

"இன்னும் ரெண்டு மருமவ இருந்திருந்தா அனுப்பிருப்பேன்" என்றார் மாமியார், உண்மையான வருத்தத்தோடு.

அக்காவுக்கு அந்த ஒரு வருஷம் திரும்பி வரவில்லை. கூடவே மோப்பமும் போயிருந்தது. அது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது, பால் தீய்ந்து வீடெல்லாம் புகையும்போது அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில். மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்திலிருந்து காற்று அடித்து, தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தும் நாட்களில் அவர் மட்டும் வாசலில் நின்று, "காத்து நல்லா வருது இல்ல?" என்பார். முதலில் சிரித்தோம். பிறகு நான் கேஸ் குழாயைத் தினமும் இரண்டு தடவை பார்க்க ஆரம்பித்தேன்.

மீன் வாங்க நாங்கள் சேர்ந்துதான் போவோம். பேரம் அவர் பேசுவார், மோப்பம் நான் பார்ப்பேன். ஒரு நாள் காசிமேட்டில் ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் முகர்ந்துவிட்டு, விற்கிற அம்மா பார்க்காத மாதிரி உதட்டைப் பிதுக்கினேன்.

"என் தங்கச்சிக்குப் புடிக்கலயாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மீனைக் கூடையில் வைத்தார் அக்கா.

"ஏம்மா, ஒனக்கு மூக்கு இல்லயா, அதுக்கும் அவகிட்ட கேக்கணுமா?" என்றார் மீன்காரம்மா.

"இல்ல" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த கூடைக்கு நடந்தார்.